ஜீப்பில் சத்தம் கூடினால் இழுவை கூடுமா?

போடி, கம்பம், வால்பாறை, கொடைக்கானல் போன்ற ஊர்களில் மளிகை, ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்யும் நம் வணிகப் பெருமக்களுக்கு ஜீப் ஒரு ஆடம்பரப் பொருள் அல்ல. தராசு, கல்லாப்பெட்டி மாதிரி அதுவும் ஒரு தொழில் கருவி. லாரி ஏறாத எஸ்டேட் பாதையில் அரிசி மூட்டை போய்ச் சேருவது அதனால்தான். அந்தக் கருவியில் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கை வைக்கிறார்கள். அசல் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் போடுகிறார்கள். சைலன்சரை எடுத்துவிட்டு அகலமான எஃகுக் குழாயை மாட்டுகிறார்கள். பானெட் பக்கத்தில் யானைத் தும்பிக்கை போல ஸ்நார்க்கெல் ஒன்று நிற்கிறது. "என்ஜின் நன்றாக மூச்சு விடும் அப்பா, மேட்டில் இழுவை கூடும்" என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் முதல் போடும் காரியம். வரவு என்ன என்று கேட்கும் உரிமை அப்பாவுக்கு உண்டு.

மலையேறும்போது வண்டி திணறுவது உண்மைதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய கமாண்டர், மேஜர் வண்டிகள் மேட்டில் கரும்புகை கக்குவதற்கு இது ஒரு காரணம். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளுகிறது, எரிக்கப் போதிய காற்று இல்லை. இதைப் பார்த்து "ஃபில்டர் அடைக்கிறது" என்று முடிவு கட்டுகிறோம். மெல்லிய காற்று எந்த ஃபில்டர் வழியாக வந்தாலும் மெல்லிய காற்றுதான்.

டீசல் என்ஜினில் இன்னொரு சங்கதி உண்டு. பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் வழி திறக்கிறது. டீசலில் மிதிக்கும்போது கூடுவது டீசலின் அளவு. ஆகவே காற்று வழியை மட்டும் அகலப்படுத்தி, டீசல் அளவை அப்படியே விட்டால் சொல்லிக்கொள்ளும்படி சக்தி ஏறாது. டர்போ உள்ள புதிய வண்டியில் டர்போவுக்குப் பின்னால் குழாய் அகலமானால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுழலும், அது மெய். அதன் முழுப் பலன் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் நிரலையும் மாற்ற வேண்டும். மாற்றினால் கம்பெனி வாரண்டி கேள்விக்குறியாகிவிடும். கூடுகிற பாரத்தைக் கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்கியாக வேண்டும். பந்தய மைதானத்தில் பெட்ரோல் வண்டி ஓட்டுபவர் கணக்கு வேறு, அவரோடு எனக்கு வழக்கில்லை.

கூம்பு ஃபில்டரில் லாபம் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை, நஷ்டமும் இருக்கிறது. அசல் பெட்டி வெளிக்காற்றை இழுக்கும்படி அமைந்தது. பெட்டியை எடுத்துவிட்டால் என்ஜின் அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே இழுக்கும். சரக்கோடு முதல் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டியில் அந்த அறை எவ்வளவு கொதிக்கும் என்பது பானெட்டைத் தொட்டுப் பார்த்தவருக்குத் தெரியும். சூடான காற்றும் மெல்லிய காற்றுதான். அடுத்தது புழுதி. கோடையில் எஸ்டேட் பாதையின் செம்மண் மாவு போலப் பறக்கும். எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டர்களை ஒழுங்காகக் கழுவி, அளவாக எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் குறைந்தால் மண் உள்ளே போய் டர்போவின் இறக்கைகளையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். கூடினால் காற்றளக்கும் சென்சாரில் படிந்து கெடுக்கும். நம் டிரைவர்கள் இதை யார் மேற்பார்வையில் செய்வார்கள்? பழைய ஜீப்புகளில் இருந்த எண்ணெய்க் கிண்ண வடிகட்டி எவ்வளவோ மேல். கிண்ணத்தின் அடியில் மண் வண்டலாகத் தங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஸ்நார்க்கெல் விஷயத்தில் மட்டும் நான் முழுக்க மறுக்கவில்லை. என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முன்னால் போகும் வண்டியின் புழுதிக்கு மேலே காற்றெடுக்கவும் அது உதவும். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். ஆக்சில், கியர்பாக்ஸ் இவற்றின் மூச்சுக்குழாய்களையும் மேலே ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் அழகுக்கு மாட்டிய ஸ்நார்க்கெலை நம்பி ஓடையில் இறங்குவது ஆபத்து. 2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டிக்கே நீரில் இறங்கும் ஆழம் 650 மில்லிமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. நம் சரக்குப் பாதைகளில் அதற்கு மேல் தண்ணீர் ஓடும் நாளில் கடைச் சரக்கு ஒரு நாள் காத்திருக்கலாம்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு முரணாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு வந்தது. ஒலி, புகை அளவை மீறினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. அந்த மூன்று மாதம் கடை வண்டியை யார் ஓட்டுவது? 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகைக்கரி வடிகட்டியை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்து விளக்கெரிக்கும், வேகத்தையும் குறைத்துவிடும். இன்ஷூரன்சுக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தகராறாக முளைக்கும்.

ஆக்சசரீஸ் கடை வைத்திருக்கும் நம் சகோதர வணிகர்களையும் மறந்துவிடக்கூடாது. அவர்கள் விற்பதும் பிழைப்புக்காகத்தான். "இது பந்தய உபயோகத்துக்கு மட்டும்" என்று பெட்டியில் சிறிய எழுத்தில் இருப்பதை வாய்விட்டும் சொல்லி, பில் போட்டு விற்றால் பின்னால் பழி அவர்கள் தலையில் விழாது. அரசும் ஒன்று செய்ய வேண்டும். ஜெர்மனியில் உதிரி பாகத்தைச் சோதித்துச் சான்றளித்து, வண்டியின் ஆவணத்திலேயே பதியும் முறை இருக்கிறது. ஒலியையும் புகையையும் கூட்டாத ஸ்நார்க்கெல் போன்றவற்றுக்காவது நம் நாட்டில் அப்படி ஒரு எளிய வழி வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது வணிகர் சங்கங்களின் வேலை என்பது என் கருத்து.

அதுவரை இழுவை வேண்டுவோர் சில நூறு ரூபாய்க்கு நல்ல காகித ஃபில்டர் வாங்கி, புழுதிக் காலத்தில் புத்தகம் சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றட்டும். காற்றுக்குழாயின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா, சைலன்சர் மூட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கட்டும். டயரில் சரியான காற்று, கிளட்சு, இன்ஜெக்டர் இவற்றைக் கவனித்தாலே பாதித் திணறல் போய்விடும். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், கழற்றிய அசல் சாமான்களை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி மீண்டும் பொருத்திவிடுங்கள். அந்தப் பழைய குழாயோடு இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. அதைப் பழைய இரும்பு என்று சொல்லி எடை போட்டு எடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கையும் கேளுங்கள்.