அடுத்த நூறடி

கொங்குச் சீமையில் கிணறு வெட்டுவது வீடே கூடிப் பேசி எடுக்கும் முடிவாக இருந்தது. வெடி வைத்து, கல் சுமந்து, எழுபது எண்பது அடி இறங்க இரண்டு மூன்று கோடை ஆகும். கடன் மகன் தலையில்தான் விடியும் என்று தெரிந்ததால் யோசித்தோம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் போர்வண்டி வந்தது, அந்த யோசனை போயிற்று. சாயங்காலம் நீரோட்டம் பார்க்கும் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி வருவார். அது நிமிர்கிற இடத்தில் ஒரு கல்லை நடுவோம். விடிவதற்குள் ஐந்நூறு அடி போயிருக்கும்.

நம்முடையது பாறை நிலம். மேலே உதிர்ந்த பாறை அடுக்கில் மழைத் தண்ணீர் தங்கும். அதற்குக் கீழே அங்கங்கே ஓடும் வெடிப்புகளில்தான் ஊற்று. அந்த வெடிப்பு வேலியைப் பார்த்து நிற்காது என்பது நமக்குத் தெரியாததா? நம் போரில் தண்ணீர் பீய்ச்சியதும் பக்கத்துக் காட்டுக்காரர் கிணறு வற்றியது. அவர் நம்மைவிட நூறடி கூட ஓட்டினார். அப்புறம் நாம் இன்னொரு நூறடி. இப்படித்தான் ஆயிரம் அடிக்கு வந்து சேர்ந்தோம்.

1984-இல் சிறு, குறு விவசாயிகளுக்கும் பிறகு விவசாயிகள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது. மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுடப்பட்டு இறந்தார்கள். அந்த வரலாறு தெரிந்தவர் யாரும் இலவசத்தைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் மும்முனை கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனோமே, அது எந்த அரசாங்கம் சொல்லி? காலையில் வாய்க்கால் உடைந்து தண்ணீர் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 'ஓடினால் ஓடட்டும், காசா பணமா' என்றோம்.

நிலத்தடி நீருக்கென 2003-இல் ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நடைமுறைக்கு வந்திருந்தால் நாம்தான் முதலில் கொடி பிடித்திருப்போம்.

சோளத்தையும் கம்பையும் விட்டுத் தென்னைக்குப் போனது ஆள் கிடைக்காததால். நியாயம்தான். ஆனால் அறுபது வருஷம் நிற்கும் மரத்தை அந்த வருஷத்துப் போர்த் தண்ணீரை நம்பி நட்டோம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மட்டை தொங்கி, குருத்து காய்ந்து தோப்புகள் பட்டுப்போயின. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பார்த்தோம். மழை வந்ததும் பழையபடி கன்று வாங்கப் போனோம்.

பாட்டன் வெட்டிய கிணறு? அதில் குப்பை கொட்டினோம்.

அடுத்த முறை போர்வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பழைய கிணற்றைத் தூர் வாருங்கள். காட்டில் ஓடும் மழைத் தண்ணீரை ஒரு குழியில் தேக்கி, வண்டல் அடங்கியபின் கிணற்றுக்குள் விடுங்கள். சித்திரையில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம்.