தீவிலே ஒரு ஜாகை

அந்தமானுக்குக் குடும்ப சகிதமாகப் போய்வர எண்ணும் நேயர்கள் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஹோட்டலில் இறங்கலாம்?" என்பது. இரண்டாவது கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு விடை தேடும் முறையில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். நாளொன்றுக்கு இவ்வளவு என்று மனத்தில் ஒரு தொகையை நிறுத்திக் கொள்கிறார்கள். பிறகு செல்போனில் படங்களைப் புரட்டி, எந்தப் படத்தில் கடல் அதிக நீலமாகத் தெரிகிறதோ அந்த விடுதிக்குப் பணத்தைக் கட்டி விடுகிறார்கள். மதுரையிலோ காஞ்சீபுரத்திலோ இப்படிச் செய்து ஏமாந்தால் அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். தீவிலே அடுத்த தெரு என்பது பல சமயங்களில் சமுத்திரமாக இருக்கிறது!

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு டிசம்பர் விடுமுறையில் என் தகப்பனாரையும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். தகப்பனாருக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. நீந்துவதிலும் படகு விடுவதிலும் அவருக்கு என்ன சிரத்தை இருக்க முடியும்? அவர் வந்தது ஒரே காரியத்துக்காக. செல்லுலார் சிறையைப் பகலில் ஒரு முறை பார்க்க வேண்டும். மாலையில் அதே முற்றத்தில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்க வேண்டும். நானோ, கடைத்தெருவுக்குப் பக்கத்திலிருந்த விடுதியை விட நாளொன்றுக்கு 600 ரூபாய் குறைவு என்பதற்காக, ஊரின் எல்லையில் மேட்டின்மேல் இருந்த ஒரு விடுதியில் மூன்றாம் மாடியில் அறை எடுத்திருந்தேன். மின்தூக்கி கிடையாது. காலையில் சிறையைப் பார்த்தோம். பகல் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பினோம். மாலையில் மறுபடி புறப்படும் வேளையில் அவருடைய முழங்கால்கள் மறுத்து விட்டன. "பரவாயில்லையப்பா, பகலில்தான் பார்த்தாகி விட்டதே. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போ" என்றார். போனோம். மூன்று இரவுகளில் 1,800 ரூபாய் மீந்தது. அதிலும் முக்கால் பங்கை ஆட்டோக்காரருக்குக் கொடுத்தேன். இரண்டு வருஷங்களுக்குப் பிறகு தகப்பனார் காலமானார். அந்த முற்றத்தில் அவர் உட்காரவே இல்லை.

ஆகையால் இப்போது என்னைக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டார் எங்கே இருக்க விரும்புகிறார்கள்?" என்பதுதான்.

ஐந்து மணியைக் குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு. நம் தேசம் முழுவதற்கும் கடிகாரம் ஒன்றே. அது கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரை பாகையை அனுசரித்து ஓடுகிறது. அந்தமானின் தலைநகரமோ தொண்ணூற்றிரண்டே முக்கால் பாகைக்கு அருகில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிஷம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கைப் போட்டால், சூரியன் அங்கே கடிகாரத்தை விட ஏறக்குறைய நாற்பது நிமிஷம் முந்திக்கொள்கிறான். டிசம்பர் மாதத்தில் ஐந்து மணி சுமாருக்கு அஸ்தமனம். ஐந்தரைக்கு நல்ல இருட்டு. சென்னையிலிருந்து போகிறவர்கள் கடிகாரத்தை நம்பிச் சாவகாசமாகக் காபி குடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போனால், அங்கே காண்பதற்குக் கறுப்பு நிறத்தைத் தவிர ஒன்றும் இராது. இந்த அரைமணி, ஒருமணி நேரத்துக்காகத்தான் அங்கே ஜாகைக்குப் பணம் கொடுக்கிறோம். மெத்தையின் கனத்துக்கும் குளியலறைப் பளிங்குக்கும் அல்ல.

முதலில் தலைநகரம். போர்ட் பிளேர் என்று நாம் படித்த ஊருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். மேடும் பள்ளமுமான ஊர். இங்கே சிக்கனக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் அபர்தீன் கடைத்தெருவும் அதன் சுற்றுப்புறமும். மணிக்கூண்டை அடுத்த சந்துகளில் சிறு லாட்ஜுகள் பல உண்டு. சுமார் 1,500, 2,000 ரூபாய்க்கு இருவர் தங்கும் சுத்தமான அறை கிடைக்கும். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, எதிர் வீட்டுக் கொடியில் உலரும் வேஷ்டிதான் தெரியும், தெரிந்தால் என்ன? செல்லுலார் சிறைக்கு மெதுவாகவே நடந்து போய்விடலாம். பக்கத்துத் தீவுகளுக்குப் படகு புறப்படும் பீனிக்ஸ் பே துறையும் தூரமில்லை. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊராகையால் இட்டலி தோசைக்கும், வழி கேட்டால் நம் பாஷையில் சொல்வாருக்கும் பஞ்சமில்லை. வயோதிகர்களும் குழந்தைகளும் நடுப்பகலில் அறைக்கு வந்து படுத்து எழுந்து, மாலையில் மறுபடி வெளியே போக முடிகிற இடம் இது ஒன்றுதான்.

கையில் சற்றுத் தாராளமாக உள்ளவர்கள் கார்பின்ஸ் கோவ் கடற்கரைப் பக்கம் போகிறார்கள். அழகான இடம்தான்; ஆனால் ஊரிலிருந்து சில மைல் தள்ளியிருப்பதால் ஒவ்வொரு முறையும் வண்டி வைக்க வேண்டும். மரைன் ஹில் சரிவில் சார்லஸ் கொரியா என்ற புகழ்பெற்ற சிற்பி வரைபடம் தீட்டிய ஹோட்டல் ஒன்று இருக்கிறது. குன்றின் சரிவோடு சரிவாகக் கூரைகள் கடலை நோக்கி இறங்குகின்றன. சுவரில்லாத கூடத்தில் உட்கார்ந்தால் காற்று தானே வந்து விசாரிக்கும். அங்கே தங்க வசதியில்லாதவர்களும் ஒரு காபிக்காகப் போய்ப் பார்த்து வரலாம். சரிவில் கட்டிய கட்டிடமென்றால் படிகள் உண்டு என்பதை மட்டும் முழங்கால் நோயாளிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறையைப் பற்றிப் பேசும்போது ஒன்று தோன்றுகிறது. செல்லுலார் சிறையில் ஒருவருக்கு அளித்த அறை சுமார் 13 அடி நீளம், 7 அடி அகலம். தலைக்கு மேலே உயரத்தில் காற்றுக்கு ஒரு சிறு திறப்பு. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த ஏழு கிளைகளில் இன்று நிற்பவை மூன்று. அந்த அறைகளில் ஒன்றினுள் சற்று நின்றுவிட்டு வெளியே வந்த பிறகு, எங்கள் லாட்ஜ் அறை சிறியது என்று அதுவரை முணுமுணுத்துக் கொண்டிருந்த என் மகன் அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது ஹேவ்லக், நீல் என்னும் இரு தீவுகள். 2018 டிசம்பரிலிருந்து இவற்றுக்கு ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர். நேதாஜி 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆந் தேதி போர்ட் பிளேரில் கொடியேற்றியதையும், அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயரிட்டதையும் நினைவூட்டும் பெயர்கள் இவை. ஹேவ்லக்கும் நீலும் 1857-ஆம் வருஷத்து எழுச்சியை அடக்கிய தளபதிகள். அந்த நீலுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927-இல் நம்மவர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தார்கள். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை அதைப் பெயர்த்துக் காட்சிசாலைக்கு அனுப்பியது. சிலை போய் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தீவின் பெயர் மட்டும் கடலில் பத்திரமாக இருந்து வந்தது! விடுதிக்காரர்களும் படகுக்காரர்களும் இன்றும் பழைய பெயர்களைப் புழங்குகிறார்கள். சீட்டில் ஒரு பெயரும் பேச்சில் ஒரு பெயரும் இருந்தால் கலங்க வேண்டாம்.

ஸ்வராஜ் தீவில் ஜாகை பார்க்கிறவர்கள் கிழக்குக் கரை, மேற்குக் கரை என்ற வித்தியாசத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கோவிந்த் நகர், விஜய் நகர் என்னும் கிழக்குக் கரைப் பகுதிகளில்தான் பெரும்பாலான விடுதிகள் இருக்கின்றன. மூங்கில் குடிசைகளிலிருந்து குளிர்சாதன அறை வரை எல்லா விலையிலும் கிடைக்கும். கடைத்தெருவும் படகுத்துறையும் கிட்ட இருக்கும். சூரியோதயம் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இந்தப் பக்கத்துக் கடல் வற்றத்தின்போது வெகுதூரம் பின்வாங்கிப் பாறையையும் பவளச் சிதைவுகளையும் காட்டிக்கொண்டு கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது இன்னும் அதிகம். படத்தில் பார்த்த நீலக் கடலுக்காக இரட்டை வாடகை கொடுத்துவிட்டு, நண்பகலில் வந்து சேற்றைப் பார்த்து விசனப்படுகிற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். 'கடல் நோக்கிய அறை' என்பதற்குக் கூடுதல் பணம் கேட்டால், நாம் தங்கும் நாட்களில் வற்றம் எந்த வேளையில் என்று பஞ்சாங்கத்தையும் அலைக் கணக்கையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மேற்கே ராதாநகர். நீண்டு வளைந்த வெண்மணல். பின்னால் ஓங்கிய காடு. கடலுக்குள் இறங்கும் சூரியன். இதையொட்டித் தங்கும் இடங்கள் மிகச் சில. அவற்றில் தாஜ் போன்றவற்றின் வாடகை ஓர் உபாத்தியாயரின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை ஓரிரு இரவில் விழுங்கிவிடும். ஆயினும் கடற்கரை எல்லோருக்கும் பொது. மூங்கில் குடிசைவாசியும் மாளிகைவாசியும் ஒரே அலையில்தான் குளிக்கிறார்கள். பணம் கொடுத்தவர் பெறுவது கூட்டம் வருமுன் ஒரு மணியும் கூட்டம் போனபின் ஒரு மணியும். புதுமணத் தம்பதிகளுக்கு அதற்கு மதிப்பு உண்டு. இரண்டு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த வேளையில் அவர்களைத் தூங்கவைத்துக் கொண்டுதான் இருப்பார்கள்! கிழக்குக் கரையில் தங்குபவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கே ராதாநகருக்குப் புறப்பட்டுவிட வேண்டும். திரும்பி வர வண்டியை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பஸ் உண்டு, ஆனால் இருட்டிய பிறகு அதை நம்பக் கூடாது. முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கும் இடத்தில் குளிக்க இறங்குவது வீரமல்ல.

நால்வர் கொண்ட குடும்பம், ஐந்து இரவு, ஜாகைக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரி 3,000 வீதம் பகிர்வது சுலபம். ஆனால் அது வீண். தலைநகரில் மூன்று இரவுக்கு 2,000 வீதம் 6,000. ஸ்வராஜ் தீவில் இரண்டு இரவுக்கு 4,500 வீதம் 9,000. ஊரில் பகலெல்லாம் வெளியில் திரிகிறோம், தூங்க ஓர் இடம் போதும். தீவில் விடுதியின் தோப்பிலும் மணலிலும்தான் பகல் கழிகிறது. கையில் 8,000-தான் உண்டு என்கிறவர்கள் தீவில் ஒரு நாளைக் குறைக்கலாமே தவிர, கடைத்தெரு லாட்ஜை விட்டு ஊர் எல்லைக்குப் போக வேண்டாம். பணக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2025 செப்டம்பர் முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு வரி நூற்றுக்கு 5. அதற்கு மேல் 18. 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்து இருநூறாகி விடுகிறது பாருங்கள்.

கடைசி இரவை எக்காரணத்தாலும் வெளித்தீவில் கழிக்கக் கூடாது. கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்தி விடுவார்கள். சர்க்கார் படகானாலும் தனியார் விரைவுப் படகானாலும் இதில் பேதமில்லை. காலையில் படகு, பிற்பகலில் விமானம் என்று ஏஜெண்டுகள் போட்டுத் தரும் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். படகு நின்றால், விமானச் சீட்டும் போய், இன்னும் ஓர் இரவு வாடகையும் சேர்ந்து, சிக்கனமாகப் போட்ட கணக்கெல்லாம் ஒரே நாளில் கவிழ்ந்துவிடும். முந்திய நாளே தலைநகருக்குத் திரும்பி அதே பழைய லாட்ஜில் படுத்துக்கொள்வதே மேல்.

பணம் கட்டுமுன் விடுதிக்காரரிடம் சில விஷயங்களை நேரில் பேசியே கேட்க வேண்டும். கோடையில் தலைநகரில் குடிநீர் முறைவைத்து வருவது வழக்கம். ஆகையால் பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் உண்டா என்று கேளுங்கள். அறையைக் காலி செய்யும் வேளை என்ன என்று கேளுங்கள். சில இடங்களில் காலை எட்டு மணிக்கே பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள். சைவச் சாப்பாடு தனியாகச் சமைக்கிறார்களா என்று நம்மில் சிலர் கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் முதியவர் இருந்தால், அறை எந்த மாடியில் என்று கேளுங்கள். "மின்தூக்கி இருக்கிறது ஸார்" என்று பதில் வந்தால், மின்சாரம் நின்ற வேளையிலும் அது ஓடுமா என்று இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.