நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலை: விண்ணப்பிக்கும் முன்

அமெரிக்காவில் ஏபிஏ என்று புழங்கும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலைப் பட்டம் வாங்குவதால் மட்டும் ஒருவர் நடத்தைப் பகுப்பாய்வாளர் ஆகிவிடுவதில்லை. 1998இல் தொடங்கிய நடத்தைப் பகுப்பாய்வாளர் சான்றிதழ் வாரியம் பிசிபிஏ சான்றிதழ் வழங்குகிறது. அதற்குப் பட்டத்தோடு வரையறுத்த பாடங்கள், மேற்பார்வையுடன் கூடிய களப்பணி, நான்கு மணி நேரத் தேர்வு ஆகியவையும் வேண்டும். மாநில உரிமங்களும் பெரும்பாலும் இந்தச் சான்றிதழையே அடிப்படையாகக் கொண்டவை. விண்ணப்பிப்போரில் பலர் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கட்டணத்தையும் அலசுகிறார்கள்; களப்பணியைச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் வருகிறது.

களப்பணிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் 2,000 மணி நேரம், அதில் 5 விழுக்காடு மேற்பார்வை. செறிவான மற்றதில் 1,500 மணி நேரம், மேற்பார்வை 10 விழுக்காடு. முதல் வழியில் மேற்பார்வையாளரோடு 100 மணி நேரம், இரண்டாவதில் 150 மணி நேரம். குறைந்த மணிக்கணக்கு சலுகை போலத் தெரிந்தாலும், அதற்கு ஈடுகொடுக்கும் மேற்பார்வையாளர் கிடைத்தால்தான் உண்டு. இதைவிட முக்கியமான விதி இன்னொன்று. மொத்த மணி நேரத்தில் குறைந்தது 60 விழுக்காடு, மதிப்பீடு செய்வது, தரவை வரைபடமாக்கிப் படிப்பது, திட்டம் எழுதுவது, பெற்றோரையும் ஊழியர்களையும் பழக்குவது போன்ற பகுப்பாய்வாளர் வேலையாக இருக்க வேண்டும். குழந்தையின் எதிரே அமர்ந்து பயிற்சி கொடுக்கும் நேரம் மீதி 40 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். ஆனால் கிளினிக்குக்குக் காப்பீட்டுப் பணம் வருவது பெரும்பாலும் அந்த நேரடிப் பயிற்சிக்குத்தான். அந்தப் பயிற்சியை நேரடியாகக் கொடுக்கும் ஆர்பிடி என்ற ஊழியர் வேலையில் வாரம் முழுக்க உழைக்கும் மாணவருக்குச் சம்பளம் சேரும், கணக்கில் மணி நேரம் அந்த அளவுக்குச் சேராது. பாடங்கள் தொடங்கும் முன் செய்த வேலையும் கணக்கில் வராது; தொடங்கிய களப்பணி ஐந்து ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். ஆகவே துறைக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே கேட்க வேண்டியது: களப்பணி இடத்தை ஏற்பாடு செய்வது துறையா, மாணவரா? மேற்பார்வைக்குத் தனிக் கட்டணம் உண்டா? பட்டம் வாங்கும்போது எத்தனை பேர் மணி நேரத்தை முடித்திருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

பிசிபிஏ தேர்வில் முதல் முயற்சியில் தேறியவர்களின் விகிதத்தைப் பல்கலைக்கழக வாரியாக வாரியமே வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் ஒட்டுமொத்த விகிதம் பாதியைச் சற்றே தாண்டுகிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வேறுபாடோ பெரிது. சில நூறு பேரைத் தேர்வுக்கு அனுப்பும் இணையவழிப் படிப்பையும் பத்துப் பேரை அனுப்பும் சிறு துறையையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்றாலும், பல ஆண்டுகளாகத் தாழ்ந்தே இருக்கும் எண்ணுக்குச் சமாதானம் தேட வேண்டியதில்லை.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேர், உல்ஃப், ரிஸ்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1968இல் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு வரம்பு கட்டியது. கான்சாஸ், கலமசூவில் உள்ள மேற்கு மிச்சிகன், டென்டனில் உள்ள வடக்கு டெக்சஸ் போன்ற பழைய துறைகளுக்கு ஆய்வு மரபு உண்டு. ஆய்வு சார்ந்த துறைகளில் விண்ணப்பம் பெரும்பாலும் ஒரு பேராசிரியரை நோக்கியே போகிறது. அவருடைய அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படிக்காமல் எழுதிய நோக்க அறிக்கை முதல் பத்தியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அறிக்கையில் அடிக்கடி வரும் வாக்கியம், குழந்தைகள் மேல் அன்பு அதிகம் என்பது. அதைப் படித்து எவரும் எவரையும் தேர்ந்தெடுப்பதில்லை. மாறாக, சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்த ஒருவர் இப்படி எழுதலாம்: எழுத்துத் தாளை மேசையில் வைத்ததும் ஏழு வயதுப் பையன் கையைக் கடித்துக்கொள்கிறான்; ஆசிரியை பதறித் தாளை எடுத்துவிடுகிறார்; கடிப்பது நின்றுவிடுகிறது, மறுநாள் தாளைப் பார்த்ததும் மீண்டும் தொடங்குகிறது. கடிப்பதால் அவனுக்குக் கிடைப்பது வேலையிலிருந்து விடுதலை என்பதைக் கண்டு, ‘போதும்’ அட்டையை நீட்டினாலே சிறிது ஓய்வு கிடைக்கும் என்று பழக்கினால், அதுவே துறையின் சிந்தனை. தேர்வுக் குழு தேடுவது இந்தக் கண்ணைத்தான். சிபாரிசுக் கடிதமும் அப்படியே: துறைத் தலைவரின் பொதுவான பாராட்டைவிட, வேலையை நேரில் பார்த்த மேற்பார்வையாளரின் ஒரு பக்கம் பயன் தரும். ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை.

உளவியலாளர் லோவாஸ் ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றி 1987இல் வெளியிட்ட ஆய்வு தந்த புகழோடு, அந்தக் காலத்துத் தண்டனை முறைகள் மீதான கண்டனமும் ஏபிஏவைத் தொடர்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்றும் இந்த முறையைக் கடுமையாக விமர்சிக்கிறார்கள். நேர்காணலில் இது குறித்துக் கேள்வி வரலாம். விமர்சனமே தவறு என்று ஒதுக்கும் பதில் விண்ணப்பதாரரைத்தான் ஒதுக்கும்.

இந்திய மாணவர்களுக்குக் கூடுதல் கணக்கு ஒன்று உண்டு. 2023 முதல் வாரியம் இந்தியாவில் வசிப்பவர்களிடமிருந்து புதிய சான்றிதழ் விண்ணப்பங்களை ஏற்பதில்லை. முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா கிடைக்காது. ஊரிலிருந்தே அதைப் படித்தாலும் பிசிபிஏவுக்கு விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்காவுக்குப் போய்ப் படித்து முடித்தவருக்கு வேலைப் பயிற்சிக்குப் பொதுவாகக் கிடைப்பது 12 மாதம். மணி நேரம் முடியாமல் திரும்பினால் பட்டம் மட்டுமே மிஞ்சும். படிக்கும்போதே வளாகத்துக்கு வெளியே ஊதியத்துடன் களப்பணி செய்யவும் தனி அனுமதி தேவை. வழக்கமாக ஓராண்டுப் படிப்புக்குப் பிறகே அது கிடைக்கும். களப்பணியைத் தொடக்கத்திலிருந்தே பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியாக வைத்திருக்கும் முதுகலைப் படிப்பில் மட்டும் முதல் பருவத்திலேயே கிடைக்க வாய்ப்புண்டு. விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டும் முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.