சைடர் என்ற சொல்லும் நமது அவசரமும்





கடந்த வாரம் நமது ஊரில் நடந்த ஒரு விடயத்தைப் பேசாமல் விட மனம் கேட்கவில்லை. வீட்டில் கேக் செய்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு சகோதரி, "அப்பிள் சைடர் டோனட்" என்று புதிதாக ஒன்றைச் செய்து படம் போட்டிருந்தார். கனடாவில் இருக்கும் அவரது ராத்தா சொல்லிக்கொடுத்த முறை அது. அன்று மஃரிபுக்கு முன்பே, "சைடர் என்றால் மது, இவரிடம் வாங்காதீர்கள்" என்ற செய்தி ஊரின் எல்லா வட்ஸ்அப் குழுமங்களுக்கும் போய்விட்டது. அதைப் பரப்பியவர்களில் நாமும் இருந்தோம். பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கொடுக்கும் நாம், "இதில் என்ன போட்டீர்கள்?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகுதான் கேட்டோம். கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது.

சைடர் என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. பிரித்தானியாவில் சைடர் என்றால் புளிக்கவைத்த அப்பிள் மது. அது ஹராம் என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. அமெரிக்காவில் அப்பிள் சைடர் என்று பொதுவாகச் சொல்வது புதிதாகப் பிழிந்த, வடிகட்டித் தெளிய வைக்காத அப்பிள் சாற்றை. கனடாவிலும் அந்த வழக்கம் உண்டு. மதுவாக்கியதற்கு அங்கே "ஹார்ட் சைடர்" என்று தனிப் பெயர்.

இலையுதிர் காலத்தில், செப்டெம்பர் முதல் நவம்பர் வரை, அங்கே அப்பிள் அறுவடை. பல வகை அப்பிள்களைத் தோலோடு அரைத்து, துணியில் வைத்து அழுத்திப் பிழிவார்கள். வெட்டிய அப்பிள் காற்றுப் பட்டுக் கறுப்பது போல அந்தச் சாறும் மண்ணிறமாகிக் கலங்கலாக இருக்கும். அதைக் கறுவா, கராம்பு போட்டுச் சூடாக்கிக் குடிப்பார்கள். ஏழு பங்கு ஒரு பங்காகும் வரை வற்றக் காய்ச்சிப் பாணி எடுப்பார்கள். அப்பிள் துண்டுகளை அதே சாற்றில் போட்டு மணிக்கணக்காகக் கிண்டினால் வருவது "அப்பிள் பட்டர்". பெயரில்தான் பட்டர், உள்ளே ஒரு துளியும் கிடையாது.

டோனட் செய்வதற்கும் முதலில் சாற்றைக் காய்ச்சி நன்றாக வற்ற வைக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் மா இளகிவிடும், அப்பிள் சுவையும் தெரியாது. சாற்றின் புளிப்பு அப்பச்சோடாவோடு சேரும்போது வாயு உண்டாகி மா பொங்கும். பொரித்த சூட்டோடு கறுவாத்தூள் கலந்த சீனியில் புரட்டி எடுப்பார்கள். நமது சகோதரி செய்ததும் இதைத்தான். கடையில் அப்பிள் வாங்கி, அரைத்து, துணியில் பிழிந்து, உடனேயே அடுப்பில் வற்றக் காய்ச்சியிருக்கிறார். அந்தச் சாறு புளிப்பதற்கு நேரமே இருக்கவில்லை.

பயந்தவர்களைக் குறை சொல்ல நாம் எழுதவில்லை. பயத்துக்குக் காரணம் உண்டு. காய்ச்சாத அப்பிள் சாற்றைச் சில நாட்கள் வைத்தால், பழத்தோலில் இயற்கையாகவே இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) வேலை செய்து நுரைக்கத் தொடங்கும், மதுவாக மாறும். கிருமிப் பயமும் உண்டு. 1996இல் அமெரிக்காவில் காய்ச்சாத அப்பிள் சாற்றால் பலர் நோயுற்று ஒரு குழந்தையும் இறந்தது. அதன் பின்னர் 1998இல், கிருமி நீக்காத சாற்றுப் போத்தல்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. "ஹார்ட் சைடரை கேக்கில் போட்டாலும் சூட்டில் போதை போய்விடும்" என்று சொல்வதும் சரியல்ல. ஒரு மணி நேரம் வேகவைத்த பின்பும் ஏறத்தாழ காற்பங்கு மது எஞ்சும் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணையே சொல்கிறது.

ஆனால் நமது பெருநாள் வட்டிலாப்பத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதில் போடும் கித்துல் கருப்பட்டி எங்கிருந்து வருகிறது? கித்துல் பூந்தண்டைச் சீவி இறக்கும் சாற்றிலிருந்து. அதே சாற்றைச் சும்மா வைத்தால் கள். உடனே காய்ச்சினால் பாணி, இன்னும் இறுகினால் கருப்பட்டி. கள் வரும் மரம் என்பதற்காக நாம் யாரும் வட்டிலாப்பத்தை ஒதுக்கவில்லை. அப்பிளுக்கும் அதே கணக்குத்தான்.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்காக உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள் என்றும், மூன்றாம் நாள் மாலைக்குப் பின் மிஞ்சினால் அது ஊற்றப்பட்டுவிடும் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. புதிதாக இருந்தபோது அருந்தினார்கள், மாறும் வேளை நெருங்கியபோது விட்டார்கள். அங்கே பார்க்கப்பட்டது பானத்தின் நிலைமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெலிவதற்கும் சீனி வருத்தத்துக்கும் என்று நம்மில் எத்தனை வீடுகளில் "அப்பிள் சைடர் வினிகர்" போத்தல் இருக்கிறது? அதிலும் அதே சொல்தானே. அதைக் கண்டு யாரும் செய்தி அனுப்பவில்லை. ஒரு வீட்டுப் பெண் அடுப்படியில் செய்ததற்கு மட்டும் ஒரு மாலைக்குள் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அந்தச் சகோதரிக்கு அந்த வாரம் இருந்த ஐந்து ஓர்டர்களில் மூன்று இல்லாமல் போனது. பரப்பிய அதே குழுமங்களில் நாம் மன்னிப்புக் கேட்டோம். முதல் செய்தி போன வேகத்தில் மன்னிப்பு போகவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீங்களும் அதை அனுப்பியிருந்தால், யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்பிவிடுங்கள்.

இனி இப்படி ஒரு பெயர் வந்தால் செய்தவரிடமே கேட்போம்: எதிலிருந்து எடுத்தது, புளித்ததா, காய்ச்சியதா? கடைப் போத்தல் என்றால் லேபலில் மதுவின் வீதம் போட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அதற்குப் பிறகும் தெளிவில்லை என்றால் ஆலிம்களிடம் போவோம். விற்பவர்களும் சேர்த்தவற்றைப் பெட்டியில் எழுதிவிட்டால் நல்லது. சந்தேகமானதை நாம் உண்ணாமல் விடுவது பேணுதல். அந்தச் சந்தேகத்தையே செய்தியாக்கி இன்னொருவரின் பிழைப்பில் கைவைப்பதற்கு பேணுதல் என்று பெயர் வைக்க முடியாது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று சூரா ஹுஜுராத்தில் நமக்குத்தானே சொல்லப்பட்டிருக்கிறது.

அல்லாஹ் நமது உணவையும் நாவையும் சுத்தமாக்கி வைப்பானாக. ஆமீன்.