கீபோர்டை அறியாத விண்டோஸ்

2015 ஆகஸ்டில் இன்டெலின் ஸ்கைலேக் செயலி வந்தது. புது மதர்போர்டு வாங்கி, பழகிய விண்டோஸ் 7-ஐ அதில் ஏற்றப் பார்த்தவர்களுக்கு முதல் திரையிலேயே வேலை நின்றது. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டி வரும். யூஎஸ்பி கீபோர்டைத் தட்டினாலும் மவுஸை நகர்த்தினாலும் எதுவும் அசையாது. மதர்போர்டே பழுதோ என்று தோன்றும்.

பழுது ஒன்றுமில்லை. அதுவரை இன்டெல் சிப்செட்டில் யூஎஸ்பி 2.0-க்கு இஎச்சிஐ, 3.0-க்கு எக்ஸ்எச்சிஐ என்று இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தன. ஸ்கைலேக்கோடு வந்த 100 வரிசை சிப்செட்டில் பழையதை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7 வட்டிலோ எக்ஸ்எச்சிஐக்கான டிரைவரே கிடையாது. பென்டிரைவில் டிரைவரைக் கொடுக்கலாமென்றால், அதையும் அதே யூஎஸ்பி போர்ட்டில்தானே செருக வேண்டும்! வேறொரு கணினியில் டிரைவரைச் சேர்த்துப் புதிதாக நிறுவல் பிரதி தயாரிப்பது ஒரு வழி; இன்டெலே அதற்கொரு சிறு மென்பொருள் தந்தது.

இந்தக் குறையை என்னால் மன்னிக்க முடிகிறது. யூஎஸ்பி 3.0 தரம் வெளியானது 2008 நவம்பரில். விண்டோஸ் 7 வந்தது 2009 அக்டோபரில். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே லினக்ஸ் 2.6.31-இல் எக்ஸ்எச்சிஐ டிரைவர் இருந்தது. எழுதியவர் இன்டெலில் பணிபுரிந்த சேஜ் ஷார்ப். கடைகளில் யூஎஸ்பி 3.0 கருவிகள் புழங்காத காலத்தில் அவர் செய்த வேலை அது. வன்பொருள் செய்யும் நிறுவனமே ஆளமர்த்தி, எல்லாரும் படிக்கக்கூடிய நிரலாகத் தரும்போது இப்படி நடக்கிறது.

மன்னிக்க முடியாதது 2017 ஏப்ரலில் நடந்தது. அப்போது புதிதாக வந்த கேபி லேக், ரைசன் செயலிகளில் விண்டோஸ் 7 ஓடிக்கொண்டிருந்தாலும், அவற்றுக்கு அப்டேட் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் தடுத்தது. பழைய வடிவமைப்பைப் புதிய சில்லுகளுக்குப் பொருத்துவது சிரமம் என்றார்கள். இருக்கலாம். செயலியின் புது வசதிகளைத் தராமல் விடட்டும். 2020 ஜனவரி 14 வரை தருவதாகச் சொன்ன பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது எந்த வகையில் சரி? அடுத்த மாதமே, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியது. மார்ச்சில் வந்த திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகளே அதில் பெருமளவு சிக்கின. திருத்தம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது பழைய செயலிக்காரர்களின் முறை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதே கேபி லேக் அடங்கிய இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலிகளில் மிகச் சிலவற்றைத்தான் விண்டோஸ் 11 ஏற்கிறது. கணினிப் பெட்டியில் செயலியின் வேகத்தை அச்சிடும் இடத்திலேயே, எந்த ஆண்டுவரை அப்டேட் உறுதி என்பதையும் அச்சிட வேண்டும். அதைச் சட்டமாகவே கேட்கலாம்.