உடன் படிப்பவர் குருடர் அல்லர்

இணையவழி வணிகப் படிப்புகளில் மாணவர்கள் பிரசன்டேஷன் கொடுப்பதும், அதை உடன் படிக்கும் மாணவர்களே மதிப்பிடுவதும் வீண்வேலை என்று ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். தஞ்சை வட்டாரக் கல்லூரி ஆசிரியர்களிடையே அந்தக் கட்டுரை கைமாறிக்கொண்டிருக்கிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று சிலர் தலையாட்டவும் செய்கிறார்கள். அவருடைய வயதுக்கும் அனுபவத்துக்கும் என் மரியாதை உண்டு. கட்டுரைக்கு இல்லை. அதில் உள்ள தவறுகள் டெல்டாப் பிள்ளைகளின் படிப்பைப் பாதிக்கக்கூடியவை என்பதால் அவற்றைச் சும்மா விடுவதற்கில்லை.

அவர் வாதத்தின் அச்சாணி ஒன்றுதான்: தெரியாதவன் தெரியாதவனைத் திருத்துவது, குருடனுக்குக் குருடன் கோல் பிடிப்பது. பொருள் தெரிந்தவர் ஆசிரியர் ஒருவர் மட்டும். மாணவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது இதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே பொய்.

நான் நடத்தும் படிப்பில் ஏழு நிமிட விளக்கத்தை மாணவர்கள் செல்போனில் பதிவுசெய்து அனுப்புவார்கள். ஒவ்வொன்றையும் உடன் படிப்பவர்கள் மூன்று பேர் பார்த்து எழுத்தில் மதிப்பிட வேண்டும். திருவையாற்றுப் பக்கத்து மாணவன் ஒருவன் மாப்பிள்ளைச் சம்பா நெல்லை அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் வாங்கி, அவித்து, அரைத்து, பாக்கெட் போட்டுச் சென்னையில் விற்கும் திட்டத்தைச் சொன்னான். ஸ்லைடு பளிச்சென்று இருந்தது. நூறு கிலோ நெல்லுக்கு எழுபது கிலோ அரிசி, கிலோ அறுபது ரூபாய் என்று கணக்கு ஓடியது. வணிகவியல் பாடநூலை மட்டும் படித்த எவரும் அந்த ஸ்லைடைத் தாண்டிப் போயிருப்பார்கள். அம்மாப்பேட்டைப் பக்கத்து மாணவி ஒருத்தி தாண்டவில்லை. அவளுடைய அப்பா அரிசி ஆலையில் வேலை பார்ப்பவர். அவள் எழுதியது இது: 'களத்தில் வாங்கும்போது நெல்லில் ஈரம் எவ்வளவு? 22 சதவீதம் என்றால், 14-க்குக் காய்ந்து அரவைக்குப் போகும்போது நூறு கிலோ தொண்ணூற்றொன்றுதான் இருக்கும். அதில் நூற்றுக்கு 65 என்று அரிசி கண்டால் 59 கிலோ. நீங்கள் 70 போட்டிருக்கிறீர்கள்.'

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். குவிண்டாலுக்குப் பதினொரு கிலோ, அவன் போட்ட விலையிலேயே 660 ரூபாய், அந்தத் திட்டத்தில் இல்லாத பணம். அவனுடைய லாபம் மொத்தமும் அதற்குள் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பும் ஊரில், மழை பிடித்துக்கொண்டால் 22 வரை தளர்த்துங்கள் என்று கோரிக்கை வைக்கும் ஊரில் பிறந்த பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்குமா? அவளைத்தான் பேராசிரியர் குருடி என்கிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவனுடைய கணக்கைத் திருத்திய கையோடு அவள் தன் சொந்தத் திட்டத்தையும் மாற்றி அனுப்பினாள். சாக்கு விலையும் ஏற்றுக்கூலியும் அவள் கணக்கில் விடுபட்டிருந்தன. பிறர் வேலையைச் சோதிக்கும்போதுதான் தன் வேலையின் ஓட்டை கண்ணில் படுகிறது.

ஆசிரியரே எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்கிறார் அவர். எப்படிப் பார்ப்பது? இருநூறு மாணவர், ஆளுக்கு ஏழு நிமிடம் என்றால் வெறுமனே பார்த்து முடிக்கவே 23 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கருத்து எழுதும் நேரம் தனி. நடைமுறையில் என்ன நடக்கும் என்பது கல்லூரியில் வேலை பார்த்த அவருக்குத் தெரியும். முதல் இரண்டு ஸ்லைடைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவார்கள். அல்லது பிரசன்டேஷனையே எடுத்துவிட்டுச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வழக்கமாக வாராந்திர அசைன்மென்டுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. வாயைத் திறந்து ஒரு திட்டத்தை விளக்காமலேயே மேலாண்மைச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அவருடைய யோசனை போய்ச் சேரும் இடம் அதுதான்.

மாணவர் போடும் மதிப்பெண்ணுக்கு ஆதாரமே இல்லை என்றும் எழுதியிருக்கிறார். தேடிப் பார்க்காமல் எழுதிய வரி அது. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்காட் கிளெம்மர் 2012-இல் கோர்சேராவில் நடத்திய வடிவமைப்புப் படிப்பில் சக மாணவர் மதிப்பீடு பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இரண்டாம் முறை நடத்தியபோது மாணவர் போட்ட மதிப்பெண்களில் 42.9 சதவீதம், ஆசிரியர் குழு போட்டதற்கு 5 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தன, 65.5 சதவீதம் 10-க்குள். வணிகப் படிப்பு அல்ல, வடிவமைப்புதான். ஆனாலும் ஒரே சரியான விடை இல்லாத வேலையை மதிப்பிடுவது என்ற சிக்கல் இரண்டிலும் ஒன்றே. இதே ஆய்வில்தான் தன் நாட்டு மாணவருக்கு 3.6 சதவீதம் கூட்டிப் போடும் பழக்கமும் வெளியே வந்தது. அதை மறைக்க மாட்டேன். நம் ஊரில் நாட்டுக்குப் பதில் தெருவும் சாதியும் நட்பும் நிற்கும். அதனால்தான் பெயரை மறைத்து அனுப்ப வேண்டும், மூவர் மதிப்பெண்ணில் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும், மாதிரி விளக்கம் ஒன்றை எல்லோரையும் மதிப்பிடச் சொல்லி அளவுகோலைப் பழக்க வேண்டும். ஆசிரியர் ஒருவரே போட்டால் சார்பு இருக்காது என்று அகமதிப்பீட்டு மதிப்பெண் வாங்கிய எந்த மாணவனிடமாவது பேராசிரியர் சொல்லிப் பார்க்கட்டும்.

பல மாணவர்கள் 'சூப்பர்', 'நல்லா இருக்கு' என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள் என்பது அவர் சொன்னதில் உண்மையான குறை. நானும் அப்படிப்பட்ட மதிப்பீடுகளைக் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் கேட்கும் முறை. 'பிரசன்டேஷன் எப்படி இருந்தது?' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். 'இவர் சொன்ன செலவுகளில் விடுபட்டது ஒன்றைச் சொல்லுங்கள்', 'இவருடைய வாங்குபவர் யார், அவர் ஏன் வாங்குவார்?' என்று கேட்டால் பார்க்காமல் பதில் எழுத முடியாது. எழுதும் மதிப்பீட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்றால் 'சூப்பர்' தானாக மறையும். கேள்வியைச் சரியாக அமைக்காதது ஆசிரியரின் குற்றம். தண்டனை மட்டும் மாணவனுக்கா?

இது அமெரிக்க இறக்குமதி, நம் கல்வி மரபுக்கு ஒவ்வாதது என்று அவர் எழுதிய பத்தியைத்தான் என்னால் கொஞ்சமும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மரபின் பெயரால் பேசுபவர் மரபைப் படித்திருக்க வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலை எழுதியது 13-ஆம் நூற்றாண்டில். அதன் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. சக மாணவரும் பிரசன்டேஷனும் சேர்ந்து முக்கால் பங்கு! நூலுக்குப் பாயிரம் சொல்லத் தகுந்தவர்களின் வரிசையிலும் ஆசிரியருக்கு அடுத்தபடியாக உடன் கற்றவனை வைத்திருக்கிறது நன்னூல். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒன்றாகப் படித்தவர் என்பதுதான் மரபுச் செய்தி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1789 முதல் சென்னையில் அநாதை இல்லப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதைக் கண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். மதராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. மேற்கிலிருந்து வந்தது என்று அவர் சொல்லும் சரக்கில் பாதி இங்கிருந்து போனது.

நெல் விளையும் பூமியில் பேச்சு எதற்கு, உழைப்பு போதுமே என்கிறார். குறுவையும் சம்பாவும் தாளடியும் விளைவிக்க உழைப்பு போதும். விளைந்ததை விலையாக்க அது போதவில்லை என்பதுதானே டெல்டாவின் நூறாண்டுத் துயரம்? சிறு உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டம் திட்டச் செலவில் 35 சதவீதத்தை, 10 லட்சம் ரூபாய் வரை மானியமாகத் தருகிறது. வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. இவை எதுவும் வீடு தேடி வராது. வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, எவ்வளவு நெல், எத்தனை நாள் இருப்பு, யார் வாங்குவார்கள் என்று பத்து நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனக் கூட்டத்தில் நூறு பங்குதாரர்கள் கேட்கும் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை எங்கே பெறுவது? வசதியான வீட்டுப் பிள்ளை சாப்பாட்டு மேசையிலேயே பெற்றுவிடுகிறான். பூதலூரிலும் ஒரத்தநாட்டிலும் இருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வகுப்பு ஒன்றுதான் இடம். அதையும் மூடச் சொல்கிறார்.

கடைசியாக, பாபநாசம் பக்கத்து மாணவி ஒருத்தியின் ஆங்கில உச்சரிப்பை எழுத்தெழுத்தாகப் பெயர்த்துப் போட்டு அவர் கேலி செய்திருக்கும் பகுதி. அந்தப் பெண் என்ன தொழிலைப் பற்றிப் பேசினாள், கணக்கு சரியா, யாருக்கு விற்கப் போகிறாள் என்று ஒரு வரி கூட இல்லை. கண்ணில் பட்டது உச்சரிப்பு மட்டும். இப்படி மதிப்பிடுபவர் கையில் மொத்த மதிப்பெண்ணும் இருக்க வேண்டுமாம்! அவளுடைய வாடிக்கையாளர் கும்பகோணத்து மண்டிக்காரர் என்றால் அவள் தமிழிலேயே விளக்கட்டும். தமிழில் கொடுக்கும் பிரசன்டேஷனுக்கு முழு மதிப்பெண் போடத் தடை என்ன இருக்கிறது?

இணையவழி வணிகப் படிப்பு நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. வரும் பருவத்தில் பிரசன்டேஷனை எடுக்காதீர்கள். மதிப்பீட்டுக் கேள்விகளைத் திருத்துங்கள், நன்றாக மதிப்பிடும் மாணவருக்கு மதிப்பெண் ஒதுக்குங்கள், தமிழில் பேச விடுங்கள். பேராசிரியர் மற்ற வாதங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதட்டும், பதில் சொல்லலாம். அந்த மாணவியைப் பற்றிய பத்தியை மட்டும் அவர் திரும்பப் பெற்று, அவளிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.