பழைய எஞ்சினை ஓரங்கட்டலாமா?

சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவு செய்யப்படும் கார்கள் அனைத்தும் தூய்மையான எரிசக்தி வாகனங்களாக இருக்க வேண்டும். அப்படியிருக்க, அரை நூற்றாண்டுக்கு முந்தைய பெட்ரோல் எஞ்சினை நம் கல்லூரிப் பட்டறைகளில் இன்னும் எதற்காக வைத்திருக்க வேண்டும் என்று சக மாணவர்கள் பலர் கேட்கிறார்கள். இயந்திரப் பொறியியல் படிக்கும் நான் வைத்திருக்க வேண்டும் என்றே சொல்வேன். அந்த எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சினின் மேல் மூடி போல அமர்ந்திருக்கும் பாகம். எஞ்சின் மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். எவ்வளவு எளிதாக மூச்சு விடுகிறதோ அவ்வளவு சக்தி கிடைக்கும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவலாக ஓடிய மோரிஸ் மைனர் இதற்கு நல்ல சான்று. 1948இல் வந்த முதல் மைனரின் எஞ்சின் 918 சிசி, சக்தி 27.5 குதிரைத்திறன். அதில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. காற்று வளைந்து திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். 1952இல் அதற்குப் பதிலாக ஆஸ்டினின் ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது. கொள்ளளவு 803 சிசிதான், ஆனால் சக்தி 30 குதிரைத்திறன். எஞ்சின் சிறியதாகியும் சக்தி கூடியதற்கு முக்கியக் காரணம், வால்வுகள் ஹெட்டுக்கு இடம் மாறியதும் ஹேரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ எரியறையும்தான்.

அந்த ஹெட்டிலும் ஒரு குறை இருந்தது. நான்கு சிலிண்டர்களுக்குக் காற்று நுழைய இரண்டே வாசல்கள். ஒரே வாசலைப் பகிரும் இரு சிலிண்டர்கள் அடுத்தடுத்து மூச்சிழுக்கும்போது ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்துக்கொள்ளும். இந்தக் குறையோடுதான் மினி கூப்பர் எஸ் கார் 1964இல் மாண்டி கார்லோ ராலியை வென்றது. 1959இல் வந்த சாதாரண மினி 848 சிசியில் 34 குதிரைத்திறன் தந்தது. வென்ற கூப்பர் எஸ் காரின் 1071 சிசி எஞ்சினோ 70 தந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் 40இலிருந்து 65. பெரிய வால்வுகள், இரட்டைக் கார்புரேட்டர், வேறு கேம்ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. எஞ்சினின் எல்லையை அறிந்தவர்கள் அந்த எல்லைக்குள் நின்றே இதைச் சாதித்தார்கள்.

கார் ஆர்வமுள்ள இளையர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். வாசலை எவ்வளவு பெரிதாகக் குடைகிறோமோ அவ்வளவு வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. வாசல் அளவுக்கு மீறி அகன்றால், குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் குறையும். பெட்ரோல் துளிகள் காற்றோடு சரியாகக் கலக்காது. பந்தயத் தடத்தில் பாயும் கார் போக்குவரத்து நெரிசலில் திணறும். வால்வு அமரும் இடத்தை ஒட்டிய சில மில்லிமீட்டரைச் சீர்செய்தாலே பெரும்பாலும் நல்ல பலன் கிடைக்கும். குடைந்தெடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைப்பது எளிதல்ல என்பதால், அளந்து பார்த்த பிறகே கருவியை எடுக்க வேண்டும்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வேதியியல் கூடத்துப் பியூரெட் போதும். 848 சிசி மினியின் ஒரு சிலிண்டருக்கு 212 மில்லிலிட்டர். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே எஞ்சும் இடம் 29 மில்லிலிட்டர் என்றால், அமுக்க விகிதம் (212+29)/29, அதாவது 8.3. ஹெட்டின் அடிப்பகுதியைச் சீவி அந்த இடத்தில் 2 மில்லிலிட்டரைக் குறைத்தால் விகிதம் 8.9ஐ நெருங்கும். சக்தி கூடும், அளவு மீறினால் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துப் பிஸ்டனைக் கெடுக்கும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களே போடக்கூடிய கணக்கு இது. ஆனால் விடை தவறினால் என்ன ஆகும் என்பதை இங்கே கையால் தொட்டு உணரலாம்.

மின்வாகனம் வேறு உலகம் என்பார்கள். அதன் மின்கலத்தைக் குளிர்விக்கும் திரவம் ஒவ்வொரு குழாயிலும் சமமாக ஓட வேண்டும். இரண்டு வாசல்களைப் பகிர்ந்த நான்கு சிலிண்டர்களின் அதே சிக்கல்தான் அங்கும். கணினித் திரையில் வண்ணக் கோடுகளாக மட்டும் அதைப் பார்த்தவரைவிட, ஹெட்டைக் கழற்றி அளந்தவருக்கு அது சீக்கிரம் பிடிபடும் என்று நான் நம்புகிறேன்.

மின்வாகனப் பாடங்கள் கூடட்டும். அவை நமக்குத் தேவை. அவற்றுக்கு இடம் தருவதற்காகப் பட்டறையின் கடைசிப் பழைய எஞ்சினையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு ஹெட், ஒரு பியூரெட் இருந்தால் போதும், அந்தப் பாடத்தை நடத்திவிடலாம்.